மேனேஜரின் கோட்டு, மார்பு பதின்மூன்று

என் பிரியமான பிலோக்காவுக்கு,

உனக்கு எந்த விலாசத்துக்கு எழுதுவது என்று தெரியாமல் ஐந்து மாதம் ஓட்டிவிட்டேன். இன்று ஞாயிற்றுக்கிழமை, கடை லீவு. உன் கட்டிங் டேபிள்மேல் நோட்டை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இந்த டேபிள்மேல் பேனாவை வைத்தாலே, "துணில மை பட்டா நீயா புச்சுத் துணி எடுத்துக் குடுப்பே?" என்று கத்துவாயே. துணி எதுவும் இல்லை அக்கா. எல்லாவற்றையும் மடித்து உள்ளே வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

முதலில் ஊர்ச் சேதி. மெட்ராஸ் என்ற பெயரை எடுத்தே விட்டார்கள். இனி எல்லா இடத்திலும் சென்னைதானாம். நம் கடைப் பலகையில் மட்டும் மெட்ராஸ் அப்படியே இருக்கிறது. பெயிண்டரைக் கூப்பிட மனசு வரவில்லை. நீ பக்கத்தில் நின்று, ஒவ்வொரு எழுத்துக்கும் அவனோடு சண்டை போட்டு எழுதவைத்த பலகை அது. மந்தைவெளியில் இந்த வருஷ மழைக்கு நம் தெருவில் முழங்கால் வரை தண்ணீர் நின்றது. பொங்கல் முடிந்து இப்போதுதான் வெயில் எட்டிப் பார்க்கிறது.

மேனேஜரைப் பற்றிக் கேட்பாய். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நடந்ததை வரிசையாகச் சொன்னால்தான் எனக்கே விளங்கும்.

புதிதாகக் கடைக்கு வருகிறவர்களிடம் நான் இன்னமும் விளக்கிக்கொண்டிருக்கிறேன். "மேனேஜர் ஒத்துக்க மாட்டாருங்க" என்று நான் சொன்னால் அவர்கள் உள்ளே எட்டி எட்டிப் பார்க்கிறார்கள். மேனேஜர் ஆள் இல்லைங்க, வெள்ளைப் பொமரேனியன் நாய், எங்கள் பிலோமினா அக்கா வளர்த்தது, சொன்ன தேதிக்கு முன்னால் ஜாக்கெட் கேட்டு வருகிறவர்களைப் பார்த்துக் குரைக்கும், அதனால் அந்தப் பெயர் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. சாந்தோமிலிருந்து அவனை வயர் கூடையில் போட்டு, மேலே துண்டை மூடி, கண்டக்டர் கண்ணில் படாமல் பஸ்ஸில் கொண்டுவருவாய் நீ. காலை பத்து மணிக்குக் கூடை வாசலில் இறங்கும். அவன் எழுந்து உடம்பை உதறினால் நமக்கு வேலை தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

பதினொரு வருஷம் அக்கா. நீ அளவெடுத்து வெட்டினாய், நான் தைத்தேன். ஆற்றோரம் எங்கள் வீடுகளை இடித்து, அம்மாவையும் தம்பியையும் ஊருக்கு வெளியே எங்கேயோ கொண்டுபோய் விட்டபோது, "நீ எங்கியும் போவாத சரோ. பின்னால ரூம் சும்மாதான கீது, படுத்துக்க" என்று சொன்னவள் நீ. அன்றிலிருந்து இந்தப் பின்னறைதான் என் வீடு. ஆனால் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நான் கத்திரிக்கோலைத் துணியில் வைத்ததில்லை. "வெட்றது என் வேல. அதையும் நீயே செஞ்சிட்டா நான் இன்னாத்துக்கு?" என்று சிரிப்பாய்.

அந்த நாளைப் பற்றி நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. உன் தம்பியிடம்கூட. ஆவணி முகூர்த்தம், கல்யாண வீட்டு ஜாக்கெட்டுகள் டேபிள் கொள்ளாமல் கிடந்தன. மத்தியானம் நீ சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சைத் தடவிக்கொண்டாய்.

"சரோ, மார்ல இன்னாவோ அமுக்குற மாதிரி கீதுடி."

நான் மிஷினை நிறுத்தவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வாயுவா இருக்கும்க்கா. ஒரு சோடா குடி, சரியாப் பூடும். அந்த ஜாக்கெட்டு கை ரெண்டையும் மட்டும் வெட்டிக் குடுத்துட்டு வூட்டுக்குப் போய்ப் படு" என்றேன்.

நீ வெட்டிக் கொடுத்தாய். பிறகும் கொஞ்ச நேரம் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாய். அளவு நோட்டில் ஏதோ எழுதி அதை மூடும் சத்தம் கேட்டது. அப்புறம் மேனேஜரை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனாய். நாலு மணிக்கு உன் தம்பி வந்து வாசலில் நின்றபோது, அந்த இரண்டாவது கையைத்தான் ஜாக்கெட்டில் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஆட்டோவிலேயே முடிந்துவிட்டதாம். மேனேஜர் விடாமல் குரைத்ததால்தான் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தாராம்.

அன்று நான் சொன்னது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். கோபமா அக்கா?

உன் முப்பதாம் நாள் பூசை முடிந்த அடுத்த வாரம் உன் தம்பி மேனேஜரை அதே கூடையில் கொண்டுவந்தார். "எங்கூட்ல ஒயுங்கா ஒண்ணியும் துன்ன மாட்டேங்குதும்மா. எப்பப் பாரு வாசல்லயே நின்னுக்கினு கீது. உங்கிட்டன்னா பழகினதாச்சே" என்றார். கூடையைத் திறந்தால் எனக்கே அவனை அடையாளம் தெரியவில்லை. முதுகெல்லாம் சொறி பிடித்து, முடி திட்டுத்திட்டாக உதிர்ந்து, வயிறு மட்டும் ஊதிக் கிடந்தது. அடையாறில் இருக்கும் மிருக டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். முடி முழுவதையும் எடுத்தால்தான் மருந்து பிடிக்கும் என்று சொல்லி மழித்துவிட்டார். தடவ ஒரு களிம்பு, விழுங்க இரண்டு மாத்திரை.

முடியில்லாத மேனேஜரை நீ பார்க்கவில்லையே. தோல் உரித்த கிழங்கு மாதிரி இருந்தான். மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. சிமெண்டுத் தரையில் எங்கே கால் வைத்தாலும் ஈரம். அவன் நடுங்கிய நடுக்கத்தில் பல் அடித்துக்கொள்ளும் சத்தம் மிஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. பழைய சேலை, சாக்கு, எதைப் போர்த்தினாலும் உதறிவிட்டு வாசலில் சாரல் அடிக்கிற இடத்தில் போய் நின்றான். தி.நகரில் ஒரு கடையில் கைக்குழந்தை ஸ்வெட்டர் வாங்கிவந்து மாட்டினேன். முன்கால் இரண்டும் சிக்கிக் குப்புற விழுந்தான். இவன் உடம்புக்கென்று அளவெடுத்து, ஒட்டி நிற்கிற மாதிரி ஒன்று தைத்தால்தான் உண்டு என்று புரிந்தது.

மறுநாள் காலை உன் இஞ்ச் டேப்பை எடுத்தேன். மணி பத்தரை இருக்கும். மழை இருட்டு, கரண்டும் இல்லை. அவனைத் தூக்கிக் கட்டிங் டேபிள்மேல் நிற்கவைத்தேன். நான் தொட்டாலே நெளிகிற நாய், அன்று அசையவே இல்லை. தலையை மட்டும் திருப்பி, நீ எப்போதும் நிற்கிற ஜன்னலோரத்தைப் பார்த்தான். நான் இன்னும் டேப்பைப் பிரிக்கவே இல்லை, அவன் மோவாயை உயர்த்தினான். கழுத்தளவு எடுக்கும்போது "கொஞ்சம் நிமிருங்க" என்று நாம் சொல்வோமே, அப்படி. எடுத்தேன். அடுத்தது மார்பு என்று மனசில்தான் நினைத்தேன். அவன் ஒரு முன்காலைத் தூக்கிக் காட்டினான். என் பக்கம் இருந்த கால் இல்லை அக்கா. ஜன்னல் பக்கம் இருந்த கால். யாரோ உள்ளங்கையில் வாங்கிக்கொண்ட மாதிரி அந்தக் கால் காற்றில் நின்றது. அதுவரை நடுங்கிக்கொண்டிருந்தவன் நடுங்கவில்லை.

பிறகு அவன் கண் நகர்ந்தது. ஜன்னலிலிருந்து டேபிளின் தலைமாட்டுக்கு, அங்கிருந்து மெதுவாக எனக்குப் பின்னால். முதுகளவு எடுக்க நீ சுற்றிவருவாயே, அதே நடை, அதே வேகம். என் பிடரியில் ஈரமாக ஒரு காற்று பட்டது. மழைக்காற்றுதான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றும் பார்க்கவில்லை, இன்றும் பார்க்கவில்லை என்று எனக்கே தோன்றியது.

கழுத்து பத்து, மார்பு பதினாறு, முதுகு பதினொன்று. உன் நோட்டைத் தொடத் தைரியம் இல்லை. நாள்காட்டித் தாளைக் கிழித்து அதன் பின்னால் எழுதிக்கொண்டேன்.

துணி தேடியபோது அடித்தட்டில், காக்கித் தாளில் சுற்றி, ஒரு துண்டு கிடைத்தது. மரூன் நிறக் கார்டுராய், முக்கால் மீட்டர். ஜாக்கெட் தைக்கிற கடையில் கார்டுராய் எதற்கு? ரங்கநாதன் தெருவுக்கு நாம் சேர்ந்துதானே போவோம், இதை மட்டும் நீ எப்போது வாங்கினாய்? துணியைத் தண்ணீரில் அலசி, காயவைத்து, இஸ்திரி போட்டேன். கத்திரிக்கோலை அதன்மேல் வைக்க எனக்கு அரை நாள் ஆனது.

முதல் கோட்டு படுதோல்வி. வயிற்றுப் பக்கத் துணியைப் பின்கால் வரை விட்டுவிட்டேன். போட்ட பத்தாவது நிமிஷம் முழுக்க நனைத்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றான். ஆம்பளைப் பிள்ளைக்கு அடிவயிற்றில் துணி தொங்கக் கூடாது என்று ஜாக்கெட் தைத்த எனக்கு எப்படித் தெரியும்? அதைப் பிரித்து, வயிற்றுப் பட்டியைக் குறுக்கி, முன்கால் துளைகளை அகலமாக்கி, கழுத்திலும் வயிற்றிலும் டிச் பட்டன் வைத்தேன். உள்ளே பழைய பிளானல் லைனிங். மூன்றாம் நாள் மாட்டியபோது கச்சிதமாக உட்கார்ந்தது. நடுக்கம் நின்றது. நீ போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

ஒரே வாரம். கோட்டு தொளதொளத்துவிட்டது. மார்பில் அரை அங்குலம் பிடித்துத் தைத்தேன். நாலு நாளில் மறுபடியும் தொளதொளப்பு. மறுபடியும் அரை. அவனுக்குப் பிடித்த பன்னைத் தொட மாட்டான். பால்சோறு இரண்டு வாய், அதோடு சரி. பதினைந்தாயிற்று. பதினாலரையாயிற்று. நான் தைக்கத் தைக்க அவன் உள்ளே சுருங்குகிற மாதிரி இருந்தது.

இதற்கு நடுவில் ஒரு மத்தியானம் வைதேகி மாமி ஜாக்கெட் துணியோடு வந்தார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. குடையை மூலையில் சாய்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஏண்டி சரோஜா, நாய்க்குக் கோட்டா? பேஷா இருக்கே! என் பழைய அளவே போறும்டி, நோட்டுல இருக்கும் பாரு."

வேறு வழியில்லாமல் உன் நோட்டை முதல்முறையாக வெளியே எடுத்தேன். பக்கம் புரட்டிக்கொண்டிருந்தபோது மாமியின் குரல் மாறியது.

"ஆமா, அவன் யாரைப் பாத்துண்டு வாலை ஆட்டறான்?"

மேனேஜர் தரையில் உட்கார்ந்து, அண்ணாந்து, ஜன்னலோரத்தைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"காக்கா எதுனா உக்காந்திருக்கும் மாமி."

"ஜன்னல் சாத்தின்னா இருக்கு." மாமி அவனையும் ஜன்னலையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அவன் தலையை லேசாகச் சாய்த்துக் கண்ணை மூடினான், காதுக்குப் பின்னால் யாரோ சொறிந்துவிடுகிற சுகத்தில். மாமி மெல்ல எழுந்தார். "அது பிலோமினா நிக்கற எடம்னாடி... நான் அப்புறமா வரேன். ஆத்துல அடுப்புல பால் வெச்சுட்டு வந்துட்டேன்."

மூலையில் இருந்த குடையை விட்டுவிட்டு மழையில் இறங்கிப் போனார்.

நோட்டு என் கையில் திறந்திருந்தது. கடைசிப் பக்கம். கல்யாண வீட்டு ஜாக்கெட்டின் அளவு, அதற்குக் கீழே அந்தக் கைகளின் அளவு, அதற்கும் கீழே உன் சாய்ந்த எழுத்தில் ஒரு வரி. 'மேனேஜர் கோட்டு. க 9, மா 13, மு 11.'

அதை நீ எழுதியது, எனக்குப் பின்னால் நெஞ்சைத் தடவிக்கொண்டு நின்ற அந்த நேரத்தில். அன்று மேனேஜர் பஞ்சுமூட்டை மாதிரி இருந்தான். முடியோடு எடுத்தால் மார்பு பதினெட்டுக்குக் குறையாது. நோய் இல்லை, மழை இல்லை. ஆவணி வெயிலில் நாய்க்குக் கோட்டு எதற்கு? நீ அளவில் தப்பு செய்து நான் பார்த்ததே இல்லை. அப்படியானால் பதின்மூன்று என்பது எந்த நாளின் அளவு?

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதினாறு, பதினைந்து, பதினாலரை. அவன் அந்த எண்ணை நோக்கித்தான் இறங்கிக்கொண்டிருக்கிறான். பதின்மூன்றுக்கு வந்து நின்றதும் என்ன ஆகும்? நீ அவனைக் கேட்கிறாய் என்று நினைத்தேன். என் கையாலேயே தையல் பிடித்துப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக உன்னிடம் அனுப்பவைக்கிறாய் என்று நினைத்தேன். அந்தச் சோடாவுக்குப் பதிலாக.

இனி பிடிப்பதில்லை என்று முடிவு செய்தேன். போட்ட தையலையெல்லாம் பிரித்து, பழையபடி பதினாறாக்கினேன். கோட்டை டேபிள்மேல் விரித்துவைத்துவிட்டு, மேனேஜரை உள்ளே விட்டு, கடையைப் பூட்டிக்கொண்டு டாக்டரம்மாவுக்குப் போன் பேச எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். லைன் கிடைக்கவில்லை. போனதும் வந்ததும் கால் மணி நேரம்கூட இருக்காது. பூட்டைத் திறந்தேன். மேனேஜர் கீழே உட்கார்ந்து டேபிளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மரூன் துணியின் இரண்டு பக்கத்திலும், என் தையலுக்கு உள்ளே ஒன்றரை அங்குலம் தள்ளி, வெள்ளையாக ஒரு சாக்பீஸ் கோடு.

என்ன சொல்வது அக்கா? பழைய கோடாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் துணியை அலசித்தானே வெட்டினேன். நீ இடதுகைக்காரி. கோடு போடும்போது வலமிருந்து இடமாக இழுத்து, முடிகிற இடத்தில் கொக்கி மாதிரி ஒரு சின்னச் சுழி போடுவாய். டேபிள்மேல் இருந்த கோட்டின் இடது முனையில் அந்தச் சுழி இருந்தது. இரண்டு பக்கமும் ஒன்றரை ஒன்றரை போனால் மீதி பதின்மூன்று.

நான் கத்தினேன். உனக்குக் கேட்டிருக்கும். "குட்க்க மாட்டேன்க்கா! எனக்குன்னு இன்னா மீதி கீது? வூடு போச்சு, நீ போயிட்ட. இதையும் எட்த்துக்கினு போவணுமா உனக்கு?" ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன். ஈரத்தில் கோடு மறைந்தது. துணி காய்ந்ததும் திரும்ப வந்தது.

பிடிவாதமாகப் பதினாறு அங்குலக் கோட்டையே அவனுக்கு மாட்டினேன். அது பக்கவாட்டில் தொங்கியது. நடந்தால் வயிற்றுக்கடியில் சுருண்டது. அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். இரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு வழக்கம்போல வாசலுக்குப் போனான். தொங்கின துணியில் பின்கால் மாட்டி, படியிலிருந்து தெருத் தண்ணீரில் விழுந்துவிட்டான். நான் ஓடித் தூக்குவதற்குள் இரண்டு முறை மூழ்கி எழுந்தான். நனைந்த கார்டுராய் அவனைவிடக் கனமாக இருந்தது.

அன்று மாலையே காய்ச்சல். மூக்கு சுட்டது. இரண்டு நாள் அவன் தொண்டையில் தண்ணீர்கூட இறங்கவில்லை. தெருவில் ஆட்டோ வராது, பஸ் நின்றுவிட்டது, அடையாறுக்குப் போக வழியில்லை. மூன்றாம் நாள் காலை டேப்பை வைத்துப் பார்த்தேன். சரியாகப் பதின்மூன்று.

டேபிள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். பிறகு சொன்னேன், "சரிக்கா. நீ சொன்ன அளவே ஆவட்டும். நான் பண்ணதுக்கெல்லாம் நீ இன்னா வேணா பண்ணிக்க. அவன் குளுர்ல சாவக் கூடாது, அவ்ளோதான்."

காய்ந்திருந்த கோட்டை விரித்தேன். உன் சாக்பீஸ் கோட்டின்மேலேயே கத்திரிக்கோலை வைத்தேன். நூலளவுகூட விலகாமல், கோடு போன வழியில் வெட்டினேன். கழுத்தை ஒன்பதுக்குக் குறைத்தேன். ஜன்னல் பக்கம் நான் பார்க்கவில்லை. என் முழங்கை உயர்ந்தபோது யாரோ அதை அழுத்திச் சரியான கோணத்துக்கு இறக்குவதுபோல ஒரு கனம் இருந்தது. என் கை நடுங்கவில்லை. வெட்டிப் பழகாதவளுக்குக் கை நடுங்காமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. வெட்டிய ஓரங்களைப் பட்டி வைத்துத் தைத்தேன்.

மாட்டினேன். டிச் பட்டன்கள் டக், டக் என்று விழுந்தன. ஒரு சுருக்கம் இல்லை. கழுத்திலிருந்து வால் தொடங்குகிற இடம் வரை அவன் தோலே மரூன் ஆன மாதிரி இருந்தது. அவன் நீளமாக ஒரு மூச்சு விட்டான். அதுதான் கடைசி மூச்சு என்று நான் காத்திருந்தேன். அவன் எழுந்து, தள்ளாடி நடந்து, ஜன்னலுக்குக் கீழே போய்ச் சுருண்டு, மோவாயைத் தரையில் வைக்காமல், தரையிலிருந்து கொஞ்சம் உயரத்தில் வைத்துத் தூங்கினான். நிற்கிற ஒருத்தியின் பாதத்தின்மேல் வைத்துக்கொள்ளும் உயரத்தில்.

நாலு மணிக்கு எழுந்தான். அந்த மணி எனக்கு ஆகாது என்று உனக்குத் தெரியும். கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் உடம்பை ஒரு உதறு உதறினான். நேராக என்னிடம் வந்து, பன் டப்பாவை மூக்கால் முட்டினான். முழு பன்னையும் தின்றான் அக்கா. பாலில் நனைக்கக்கூட விடவில்லை.

தண்ணீர் வடிந்ததும் அடையாறுக்குத் தூக்கிப்போனேன். டாக்டரம்மா அவனை எடை போட்டு, வயிற்றை அமுக்கி, கண்ணை விலக்கிப் பார்த்தார்.

"வயித்துல இருந்த நீரெல்லாம் வத்திடுச்சு. முன்னாடி ரொம்ப ஓவரா இருந்தான். நிறைய பன் குடுத்தீங்களா?"

"எங்க அக்கா குடுப்பாங்க டாக்டர்."

"இதான் இவனோட சரியான உடம்பு. இதுக்கு மேல இளைக்க மாட்டான்." அவர் கோட்டுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "யார் தைச்சாங்க இதை? உடம்போட அப்படியே ஒட்டியிருக்கு. இந்தக் காய்ச்சல்ல இதான் இவனைக் காப்பாத்தியிருக்கு. லூசா இருந்து ஈரம் உள்ள போயிருந்தா நெஞ்சுல சளி கட்டிப் போயிருப்பான். அளவு யார் எடுத்தது?"

"அதுவும் எங்க அக்காதான்" என்றேன்.

அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை அளந்து பார்க்கிறேன். கால் அங்குலம்கூட மாறவில்லை.

உனக்கு எப்படித் தெரிந்தது? நெஞ்சை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வரப்போகிற மழையையும், அவனுக்கு வரப்போகிற நோயையும், அவன் இளைத்து நிற்கப்போகிற அளவையும் எப்படி எழுதினாய்? என் முதுகைப் பார்த்துக்கொண்டுதானே எழுதினாய்? கோபமாக இருக்கிறவள், தன் நாய்க்குக் கோட்டு அளவை நோட்டில் எனக்காக எழுதிவைப்பாளா? இதை நான் தினமும் கேட்டுக்கொள்கிறேன். சில நாள் ஒரு பதில் வருகிறது, சில நாள் வேறு பதில்.

இப்போது நானே வெட்டுகிறேன். முதல் மாதம் இரண்டு துணியைக் கெடுத்துக் கெட்ட பெயர் வாங்கினேன், இப்போது பரவாயில்லை. வைதேகி மாமி குடையை வாங்கிப் போக வந்தார். அதிலிருந்து உள்ளே வருவதே இல்லை. வாசலில் நின்றபடியே துணியை நீட்டி, குரலைத் தாழ்த்தி, "அவ... இருக்காளாடி?" என்று கேட்கிறார். "யாரு மாமி?" என்றால், "ஒண்ணுமில்லே, விடு" என்று போய்விடுகிறார். ஆனால் ஜாக்கெட்டை வேறு கடையில் கொடுப்பதில்லை.

மேனேஜருக்கு முடி முளைத்துவிட்டது. இன்னும் ஒரு மாதத்தில் கோட்டு தேவைப்படாது. புதுசு புதுசாக வருகிறவர்களைப் பார்த்துக் குரைக்கவும் தொடங்கிவிட்டான்.

ஒன்று மட்டும் நிற்கவில்லை. தினமும் காலை பத்து மணிக்கு வாசலுக்குப் போகிறான். தெருவைப் பார்த்து வாலை ஆட்டுகிறான். முன்பெல்லாம் மேல்படியில் நிற்பான். இப்போது இரண்டாவது படி வரை இறங்குகிறான். நான் கூப்பிட்டால் என்னைப் பார்ப்பான், பிறகு தெருவில் ஒரு இடத்தைப் பார்ப்பான், மறுபடி என்னைப் பார்ப்பான். இதுவரை திரும்பி வந்துவிட்டான். ஆனால் நேற்று வர ரொம்ப நேரம் ஆனது அக்கா.

அவன் உன்னுடையவன். நான் அதை மறக்கவில்லை, மறுக்கவும் இல்லை. அவனுக்கு நேரம் வருகிற அன்று நானே அவனைக் குளிப்பாட்டி, துவட்டி, தூக்கிக்கொண்டு வந்து உன் கையில் கொடுக்கிறேன். கத்த மாட்டேன், சண்டை போட மாட்டேன், சத்தியம். அதுவரை தெருவில் நின்று அவனைக் கூப்பிடாதே. அவனைப் பார்க்க வேண்டுமென்றால் படியேறி உள்ளே வா. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இரு. நான் பயப்பட மாட்டேன்.

உன் கூடப்பிறக்காத தங்கச்சி,
சரோஜா